சாலை திறந்திருக்கிறது

ரமேஷ்குமாருக்கு ஒரு பெருமை உண்டு. எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் சுற்றி வளைத்து அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவான். "அஞ்சே வரிதான். காப்பி பண்ணி ஒட்டினா போதும், உங்க சைட்ல தேடல் வந்துரும்." ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மண்டி வைத்திருப்பவரிடம்கூட இதைச் சொன்னான். அவருக்குச் சைட் என்றால் வீட்டு மனைதான். "எத்தனை சென்ட் தம்பி?" என்று கேட்டார்.

அவன் வேலை அப்படி. புத்தகக் கடையோ ஆஸ்பத்திரியோ, எந்த வலைத்தளத்துக்குப் போனாலும் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதை வைக்க வேண்டிய புரோகிராமர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கருவியை அவன் கம்பெனி விற்கிறது. கம்பெனி பெங்களூரில். அவன் ஊட்டி காந்தலில் ஒரு மாடிப் போர்ஷனில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்து அந்தக் கருவியைச் செய்கிறான். தேவர்சோலைப் பக்கம் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன். சிலோனிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள். கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்றால் மன்னித்துவிடலாம்.

புரோகிராம் எழுதத் தெரிந்தால் போதாது, எடுத்து உபயோகிக்கிறவன் மனசு தெரிய வேண்டும் என்பது அவன் கொள்கை. புரோகிராமர்களுக்குப் பொறுமை கிடையாது. வழிகாட்டிப் பக்கத்தில் முதல் உதாரணத்தைத் தாண்டிப் படிக்க மாட்டார்கள். அதை அப்படியே எடுத்து ஒட்டுவார்கள், வேலை செய்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவனும் அந்த ரகம்தான். அதனால் அந்த முதல் உதாரணத்தைச் செதுக்கு செதுக்கென்று செதுக்கினான்.

அதில் ஒரு வரிக்காக, உடன் வேலை செய்யும் கெஸியாவோடு சண்டையே வந்தது. ஒரு முறை தேடிக் கிடைத்த பதிலைப் போனே பத்திரமாக வைத்துக்கொள்ளும். அன்றைக்குள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், நெட் பக்கமே போகாமல் பழைய பதிலை எடுத்துக் கொடுத்துவிடும். இது ரமேஷ்குமாரின் யோசனை. டவர் கிடைக்காமல் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குள் அலைந்தவனுக்குத்தான் இப்படித் தோன்றும்.

"எவ்வளவு நேரம் வச்சுக்கணும்னு சைட் செய்யறவங்களையே கேட்போம் ரமேஷ்," என்றாள் கெஸியா. "புத்தக விலைன்னா ஒரு நாள் சரி. வேற ஏதாவதுன்னா?"

"நாம கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஆள் ஓடிப் போவான்."

"அப்ப இது எத்தனை மணிக்கு எடுத்த பதில்னாவது கீழ சின்னதா காட்டுவோம்."

"அசிங்கமா இருக்கும் கெஸியா. பாக்கறவனுக்கு எதுக்கு அந்தக் கவலை?"

அவன்தான் ஜெயித்தான். ஆபீசில் கைதட்டினார்கள். அந்த அஞ்சு வரியும் அப்படியே ஊர் உலகத்துக்குப் போயின.

அந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. கூடலூரில் கல்லூரியில் படிக்கும் கீர்த்தனா என்ற பெண், தோழிகளோடு சேர்ந்து ஒரு வலைத்தளம் செய்திருந்தாள். எந்த ரோடு திறந்திருக்கிறது, எங்கே மரம் விழுந்திருக்கிறது, எந்த முகாமில் இடம் இருக்கிறது என்று அதில் தேடிப் பார்க்கலாம். ஒருநாள் காலையில் அவனுக்குச் செய்தி வந்தது. "அண்ணா, உங்க டூலை வச்சுத்தான் செஞ்சோம். ஒரே ராத்திரியில முடிஞ்சுருச்சு. அஞ்சே வரி!"

ரமேஷ்குமாருக்கு வாயெல்லாம் பல். பெரிய பெரிய கம்பெனிக்காரன் பாராட்டியபோதுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. உடனே போனில் திறந்து, 'கூடலூர் ஊட்டி ரோடு' என்று அடித்தான். 'சாலை திறந்திருக்கிறது' என்று வந்தது. பச்சை எழுத்து. அழகாக இருந்தது. அக்காவுக்கு அந்த லிங்க்கை அனுப்பி, 'நம்ம வேலை' என்று கீழே எழுதினான்.

மத்தியானம் அக்காதான் கூப்பிட்டாள். அக்கா ராஜகுமாரி தேவர்சோலையில் இருக்கிறாள். அவள் புருஷன் பொன்னுத்துரை டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவர். அப்பா போன பிறகு ரமேஷ்குமாரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வளர்த்த மனுஷன் அவர்தான். அவனுக்கு மாமா என்றால் அப்பா மாதிரி.

"குமாரு, மாமாவுக்கு நெஞ்சு வலிக்குதுங்குறாரு. இங்க டாக்டரு மாத்திரை குடுத்துட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னுட்டாரு. ஷிஜோ ஜீப்பு வாசல்லயே நிக்குது. ஊட்டிக்கு வாறதா, பத்தேரிக்குப் போறதா? என்னா செய்யட்டும், சொல்லு."

தேவர்சோலையில் ரோட்டுக்கு வந்தால் இந்தப் பக்கம் கூடலூர், ஊட்டி. அந்தப் பக்கம் பாட்டவயல் வழியாகக் கேரளத்து சுல்தான் பத்தேரி. இரண்டு பக்கமும் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. பின்னால் ஜீப் டிரைவர் ஷிஜோவின் குரலும் கேட்டது. "சேச்சி, மழையல்லே, பத்தேரிக்குப் போகாம். அது நேர் ரோடு."

ஊட்டி என்றால் அவன் இருக்கிறான், ஓடியாட, டாக்டரிடம் பேச. ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டிக்கு இருக்கும் இரண்டு வழியில் கல்லட்டிப் பாதையை முந்தின நாளே மூடிவிட்டார்கள். நடுவட்டம் வழி ஒன்றுதான் பாக்கி. "ஒரு நிமிஷம் இருக்கா," என்று சொல்லிவிட்டுத் தேடினான். விரலை எடுப்பதற்குள் பச்சை எழுத்து வந்துவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்து, அந்த நேரத்திலும் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அதைப் பிற்பாடு நினைத்து நினைத்துக் கூசிப்போனான்.

"ரோடு க்ளியரா இருக்குக்கா. ஊட்டிக்கே வாங்க. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன்."

"சரி சாமி." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

குடையைத் தேடி எடுத்தான். கெஸியாவுக்கு, 'மாமாவுக்கு உடம்பு சரியில்லை, லீவு' என்று செய்தி அனுப்பினான். போகவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லை, மோடம் செத்துக் கிடந்தது. டவர் பேச்சுக்கு மட்டும் சம்மதித்தது, நெட் என்றால் மூச்சுக் காட்டவில்லை. படிக்கட்டில் இரண்டு படி இறங்கியவன் அப்படியே நின்றான்.

லீவு செய்தி ஒரு வரி போக மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் அந்தப் பதில் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. காலையில் வந்த பதில் அது. போன் பத்திரமாக எடுத்து வைத்திருந்து கொடுத்திருக்கிறது. அவன் சொல்லிக்கொடுத்தபடியே.

அக்காவைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஷிஜோவைக் கூப்பிட்டான். அதுவும் அப்படியே. கூடலூர் தாண்டி மலை ஏறிவிட்டால் டவர் வரும் போகும், மழை என்றால் கேட்கவே வேண்டாம். அந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். ஒரே பெண் குரல் ஒரே வாக்கியத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பினான். வழியில், ஃபிங்கர் போஸ்ட் பக்கம் நெட் வந்தது. போன் மனசு மாறவில்லை. பச்சை எழுத்தையே காட்டியது. போனில் சேர்ந்திருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுத் திரும்பத் தேடினால்தான் புதுப் பதில் வரும். அதை எப்படிச் செய்வது என்று அவனுக்குத் தெரியும், அவனை மாதிரி நாலு பேருக்குத் தெரியும். செய்தான். 'சாலை மூடப்பட்டுள்ளது. நடுவட்டம் அருகே மண்சரிவு' என்று சிவப்பில் வந்தது. கீர்த்தனாவும் தோழிகளும் தூங்கவில்லை. அக்கா போன் செய்வதற்கு வெகு நேரம் முன்பே ஏற்றிவிட்டிருந்தார்கள்.

பைக்காரா தாண்டிப் போனால் ரோட்டுக்குக் குறுக்கே தடுப்பு. அதற்கப்பால் ஒரு கற்பூர மரம் வேரோடு சாய்ந்து, அதன்மேல் மலையின் ஒரு பக்கம் வழிந்து கிடந்தது. ஜேசிபி ஒன்று சுரண்டிக்கொண்டிருந்தது. அது அள்ள அள்ள மேலேயிருந்து சேறு இறங்கியது.

"ஏனுங்க, எங்க போறீங்க? வண்டியத் திருப்புங்க," என்றார் ரெயின்கோட் போட்ட ரோடு பணியாளர்.

"அந்தப் பக்கம் எங்க மாமா ஜீப்ல வர்றாருங்க. நெஞ்சு வலி. நான் நடந்தாவது தாண்டிப் போயிடறேன்."

"மேல இன்னும் மண்ணு உளுந்துட்டே இருக்குதுங்க. உங்களை உட்டா என்ர வேலை போயிருமுங்க. வயர்லெஸ்ல சொல்லச் சொல்றேன், நில்லுங்க." அவர் நல்ல மனுஷன்தான். போலீஸ்காரரிடம் போய்ச் சொன்னார். போலீஸ்காரர் வயர்லெஸில் பேசிப் பார்த்தார். அதிலும் இரைச்சல்தான் வந்தது.

தடுப்புக்கு இந்தப் பக்கம் வரிசையாகக் கார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கி, போலீஸ்காரரிடம் போனை நீட்டினார். "திறந்திருக்குன்னுதானே சார் போட்டிருக்கு? இங்க பாருங்க."

"அது காலையில உள்ள பதிலுங்க. அதை நம்பாதீங்க," என்றான் ரமேஷ்குமார்.

"இப்பத்தாங்க பாத்தேன். டவரே இல்லாமக் காட்டுது, எவ்வளவு அருமையா செஞ்சிருக்காங்க!"

ரமேஷ்குமாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு காராகப் போய் ஒவ்வொரு போனையும் பிடுங்கித் துடைக்க வேண்டும் போல இருந்தது. பெங்களூர் ஆபீசுக்கே போய் உட்கார்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பதில் ஆபீசில் இல்லை. ஆளாளுக்குச் சட்டைப் பையில் இருந்தது. அதையும் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். மரத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் மாமா இருக்கலாம். கூப்பிட்டும் பார்த்தான். "மாமா! மாமா!" மழை தின்றுவிட்டது. கார்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மரத்தை வெறித்துக்கொண்டு நனைந்தபடி நின்றான். வேறு வேலை இல்லை அவனுக்கு.

வெகு நேரம் கழித்து ஷிஜோ கூப்பிட்டான். "அண்ணா, ரோடு ப்ளாக்கு. திரும்பியாச்சு. கூடலூர் தாண்டிட்டேன், பத்தேரிக்குப் போறேன்." அவன் குரலுக்குப் பின்னால் அக்கா, "ஏங்க, ஏங்க, கண்ணத் தொறங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதோடு லைன் அறுந்துவிட்டது.

கிளம்பிய வீட்டு வாசலையே திரும்பத் தாண்டி, பாட்டவயல் போய்ச் சேருவதற்குள் பொன்னுத்துரையின் உயிர் போய்விட்டது. முதலிலேயே வாசலிலிருந்து அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டாக்டர்களும் சொல்லவில்லை. ரமேஷ்குமாரும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

மறுநாள் ரோடு திறந்த பிறகுதான் அவனால் போய் மாமாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது.

காரியங்களுக்கு நடுவே ஒருநாள் கெஸியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் நியாயமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மாத்திடலாம் ரமேஷ்," என்றாள். முதல் உதாரணத்தை மாற்றினார்கள். பதில் எத்தனை மணிக்கு எடுத்தது என்று கீழே காட்டினார்கள். கீர்த்தனா அழுதுகொண்டே அவள் தளத்தையும் திருத்தினாள். ஆனால் ஏற்கெனவே எத்தனை பேர் அந்த அஞ்சு வரியை எடுத்துக்கொண்டு போனார்கள், எங்கெங்கே ஒட்டினார்கள்? வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கடிதம் போட்டார்கள். முக்கால்வாசிப் பேர் திறந்தே பார்க்கவில்லை. வேலை செய்துகொண்டிருப்பதை எவன் தொடுவான்? இதையும் முதலில் சொன்னவன் ரமேஷ்குமார்தான்.

கருமாதி முடிந்து கிளம்புகிற அன்று அக்காவிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டான். வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"நீ ஏன்டா இப்பிடி ஒடைஞ்சு போய்க் கெடக்க? ஒன்மேல அவருக்கு எம்புட்டு நம்பிக்கை தெரியுமா? மரத்தப் பாத்ததும் ஷிஜோ வண்டியத் திருப்புறேன்னான். அவருதான் விடல. காலையில நீ அனுப்புனதும் ஊட்டி ரோடுன்னு அடிச்சுப் பாத்துச் சந்தோசப்பட்டாருல்ல, அதே போன வாங்கித் திரும்பப் பாத்தாரு. தொறந்திருக்குன்னு போட்டிருந்துச்சு. 'குமாரு செஞ்சதுல தப்பு வராது. இப்ப தொறந்துருவாங்க, நில்லு'ன்னாரு. அப்பறம் இன்னொருவாட்டி பாத்தாரு. அப்பவும் தொறந்திருக்குன்னே போட்டிருந்துச்சு. மழையில அங்கனயே நின்னோம். வலியிலயும் அந்தப் போனக் கையில வச்சுக்கிட்டு, ஒன்னயப் பத்தித்தான் ஷிஜோகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு."

ஆறுதலுக்காகத்தான் அவள் அதைச் சொன்னாள். ரமேஷ்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டான். சொன்னால் அவளுக்கு மிச்சமிருக்கிற அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொள்வதாகிவிடும். சொல்லாமல் இருந்தால் அவன் எப்படி இருப்பது?

"மழை இருட்டிக்கிட்டு வருது," என்று அக்கா போனை எடுத்து நீட்டினாள். "ஊட்டி ரோடு எப்பிடி இருக்குன்னு பாத்துட்டுக் கெளம்பு."

அவன் கையை நீட்டவில்லை. "பஸ் ஸ்டாண்டுல கேட்டுக்கறேன்க்கா."

இத்தனை நாளில் முதல் முறையாக அவள் லேசாகச் சிரித்தாள். "நல்ல ஆளுடா நீ. மாமா கடேசி வரைக்கும் நம்புனாரு. செஞ்சவன் நீ நம்ப மாட்டியா?"