ரொட்டி வண்டியில் ஒரு கரகரப்பு

ரொட்டி வண்டி என்னுடையது. பேக்கரியில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கடை கடையாக இறக்குவது என் பிழைப்பு. அந்த வண்டியின் முன்பக்கத்தை என் வீட்டுக்காரர் குடல் உருவியது போலப் பிரித்துப் போட்டு ஒரு மாதமாகிறது. கியர் போடக் கையை நீட்டினால் ஏதாவது ஒரு ஒயர் வந்து விரலைச் சுற்றிக்கொள்ளும்.

வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. ரேடியோவை வண்டியில் மாட்டச் சொன்னதே நான்தான். என் தம்பி சின்னப் பாய்மரப் படகில் தன்னந்தனியாகக் கடலைக் கடந்துகொண்டிருக்கிறான். கரையை விட்டால் போன் கிடையாது, லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுவார்களே, அந்த ஹாம் ரேடியோ மட்டும்தான். அந்த ரேடியோப் பித்தை அவன் தலையில் ஏற்றிவிட்டவரும் என் வீட்டுக்காரரே. தினமும் பொழுது சாயும்போது அவன் பேசுவான், இவர் கேட்டுப் பதில் சொல்வார் என்று ஏற்பாடு. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏரியல் கட்டச் சங்கத்துக்காரர்கள் ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் வண்டியில்தான் இருப்பேன் என்பதால், ரேடியோவும் வண்டிக்கே வந்தது, வேலை முடிந்ததும் இவரும் கூட ஏறிக்கொள்வார்.

தம்பி கரைக்குப் பக்கத்தில் இருந்தவரை இரைச்சலையும் மீறி அவன் குரல் வந்தது. தூரம் போகப் போக இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவன் போகிற வழியில் புயல் என்று செய்தி. அவன் பேசவே இல்லையா, பேசியும் எங்கள் காதில் விழவில்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவருக்கோ அவசரம் என்ற சொல்லே தெரியாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க, இந்தக் கண்ணாடியில் தெளிவா, அந்தக் கண்ணாடியில் தெளிவா என்று கேட்கிற மனுஷன், வண்டியிலும் அதையே கேட்டார். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ரேடியோவில் ஒரு ஊளைச் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். மிதி என்பார், விடு என்பார், இப்போது குறைந்திருக்கிறதா என்பார். பின்னால் ரொட்டி ஆறிக்கொண்டிருக்கும். கடைசியில் ரேடியோவுக்கான இரண்டு ஒயரையும் நேராக பேட்டரியிலிருந்தே இழுத்தார். ஊளை அடங்கியது.

அதற்கடுத்து டிக் டிக் என்று ஒன்று. அது எஞ்சினில் தீப்பொறி அடிக்கிற சத்தமாம். பானெட்டையும் கதவுகளையும் வண்டியின் உடம்போடு செம்புப் பட்டையால் இணைத்தார். நான் கதவைத் திறந்தால் பட்டையில் சேலை மாட்டியது. கிழிந்த சேலையைக் காட்டினேன், பட்டை அறுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டிக் டிக்கும் போனது. ஆனால் ஒரு கரகரப்பு மட்டும் போகவில்லை. எஞ்சினை அணைத்தாலும் அது அசையவில்லை. தெருவிளக்காக இருக்கும் என்றார். ஊருக்கு வெளியே, விளக்கே இல்லாத மைதானத்துக்கு ஓட்டினேன். அங்கேயும் அதே கரகரப்பு.

நேற்றும் ரொட்டியை இறக்கிவிட்டு அதே மைதானத்தில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். கர்ரென்று அது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு மாசமா நோண்டுறீங்க. இன்னும் எதைத்தான் கழட்டிப் பாக்கணும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எல்லாத்தையும் கழட்டிப் பாத்தாச்சு. ஒண்ணைத் தவிர."

எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். சிகரெட் லைட்டர் துளையில் நீல விளக்கோடு எரிகிற போன் சார்ஜர். புறப்பட்ட அன்று தம்பி தன் கையால் செருகிவிட்டுப் போனது. போன் செத்துப்போச்சு, அதான் எடுக்கலை என்று இனி சாக்குச் சொல்லக் கூடாது, கரைக்கு வந்ததும் முதல் போன் உனக்குத்தான் என்றான். வேலையைத் தொடங்கிய முதல் நாளே இவர் அதன்மேல் கை வைக்கப் போனார். அதைத் தொட்டால் ரேடியோவைத் தூக்கி ரோட்டில் எறிவேன் என்று கத்தியிருந்தேன். அந்த விளக்கு எரிகிறவரை அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு ஒரு நினைப்பு. முட்டாள்தனம்தான். ஆனால் வேறு எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது?

இவர் இத்தனை நாளும் அதைச் சுற்றிச் சுற்றியே வந்திருக்கிறார். கரகரப்பு அதிலிருந்துதான் என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். எனக்குப் பயந்து மற்ற எல்லாவற்றையும் பிரித்திருக்கிறார். அவர்மேல் வந்த கோபத்தில் அழுகையும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சார்ஜரைப் பிடுங்கினேன்.

கரகரப்பு சட்டென்று நின்றது. வண்டிக்குள் ரேடியோ இருக்கிறது என்பதே மறந்துபோகிற அமைதி. அதன் அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, தம்பியின் குரல் வந்தது. இவருக்கு ரேடியோவில் பெயர் போல இருக்கிற அழைப்புக் குறியைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எத்தனை சாயங்காலம் இப்படிக் கூப்பிட்டானோ.

இவர் மைக்கை எடுத்து முதலில் என்ன சொன்னார் தெரியுமா? உன் குரல் இத்தனைக்கு இத்தனை தெளிவு என்று மார்க் போட்டார். அவனும் பதிலுக்கு மார்க் போட்டான். ஹாம்காரர்களின் மரியாதையாம் அது. உயிரோடு இருக்கிறானா என்று கேட்கச் சொல்லி இவர் தோளில் ஒரு குத்து விட்டேன். லைசென்ஸ் இல்லாத நான் மைக்கைத் தொடக் கூடாது, இல்லாவிட்டால் பிடுங்கியிருப்பேன்.

பாய் ஒன்று கிழிந்தது, தைத்துவிட்டேன், நான் நல்லா இருக்கேன் என்றான். பிறகு கேட்டான், "அக்கா பக்கத்துல இருக்கா, மாமா? நான் குடுத்த சார்ஜர் ஒழுங்கா ஓடுதான்னு கேளுங்க."

இவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சார்ஜர் என் மடியில் கிடந்தது, இன்னும் சூடு ஆறவில்லை.

"அருமையா ஓடுதுன்னு சொல்லுங்க," என்றேன்.