கெமிஸ்ட்ரியில் தொண்ணூற்றாறு

பானுப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியபோது வீட்டில் அம்மா சண்முகத்தாய் மட்டும்தான் இருந்தாள். தங்கை ரோஜா பட்டாசுக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டப் போகத் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் தொண்ணூற்றாறு வாங்கியவள் ரோஜா. பி.பார்ம் படிக்க ஆசை. போய்வரும் தூரத்தில் இடம் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரில் கிடைத்தது. சேர இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி.

"ஏம்மா அவள அனுப்பல? எங்கூடத் தங்கிப் படிப்பால்ல?"

"உன்னயும் படிக்கத்தான் அனுப்புனேன். அங்கனயே வேலை, அங்கனயே கல்யாணம். வருசத்துக்கு ரெண்டு நாளு வார. உங்கப்பாவும் போய்ச் சேந்துட்டாக. இவளும் போனா நான் யாரு மொகத்தப் பாக்க?"

பானுப்பிரியா பையை வைத்துவிட்டு நேராகக் கம்பெனிக்குப் போனாள். போர்மேன் கருப்பணன் கேட்டுக்கு வந்தார்.

"ரோஜாவா? மருந்து கலக்குற ரூம்ல இருக்கு."

"பெட்டி ஒட்டத்தான சேந்தா?"

"கெமிஸ்ட்ரி படிச்ச புள்ள, எடை சரியாப் போடும். நல்லாப் படிச்சதுக எல்லாம் வெளியூரு போயிருது. நமக்கு யாரு கிடைக்கா?"

"இதுக்கு முன்ன யாரு கலந்தா?"

"வெயில்ல நிக்காதீக" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

சூடேறினால் வெடித்துவிடும் என்பதால், வெயில் ஏறுமுன் மருந்து கலந்து முடித்துவிட வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. தீபாவளி சீசன் ஆர்டர் அவசரத்தில் உள்ளே இன்னும் கலந்துகொண்டிருந்தார்கள். எங்கோ வேன் கதவு அறைந்து சாத்திய சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

ஒரு மணிக்கு ரோஜா வந்தாள். முழங்கை வரை வெள்ளிநிற மருந்துப்பொடி.

"வா, பஸ் ஏறுவோம். அம்மாகிட்ட நான் பேசுதேன்."

"நீ பேசிட்டுப் போயிருவக்கா. அப்புறம் அம்மா தனியா இருக்கும்."

"அம்மாவையும் கூட்டிட்டுப் போவோம்."

"வருமா?"

அம்மா வரவில்லை. எவ்வளவோ கெஞ்சியும் அசையவில்லை. கடைசித் தேதி கடந்தது. பானுப்பிரியா தனியாகவே பஸ் ஏறினாள்.

மறுவாரம் ரோஜா போன் செய்தாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"பக்கத்து ரூம்ல மருந்து கலக்குற நாகஜோதியக்கா பயமா இருக்குன்னு வேலைய விட்டு நின்னுட்டாக. நாளையிலருந்து அந்த மருந்தையும் என்னையே கலக்கச் சொல்லுதாக."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டேன்" என்றாள் ரோஜா.