பாண்டியன் விட்டுப்போன மீன்கள்

தேயிலைக் கொழுந்து விலை விழுந்தும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்த பேக்டரியை ஒரு ஆனி மாதத்தில் மூடிவிட்டார்கள். அங்கே இலை காய வைக்கும் அடுப்புக்கு நெருப்புப் போட்டுக்கொண்டிருந்த பாண்டியனுக்கு, திருப்பூரில் சாயப்பட்டறை ஒன்றில் பாய்லர் பார்க்கும் வேலை கிடைத்தது. பேக்டரிதான் மூடியதே தவிர, தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாளாவது பறிப்பு இருந்தது. அதை விட்டால் தோட்டத்தில் கொடுத்திருந்த லைன் வீட்டையும் விட வேண்டியிருக்கும். அதனால் அவன் மனைவி இந்துமதி இங்கேயே இருப்பதென்று முடிவாயிற்று.

குன்னூர் போகும் பஸ்ஸுக்காகத் தூறலில் இருவரும் நின்றிருந்தார்கள். ஒரே குடைக்குள் நின்றும் பாண்டியன் மீன்களைப் பற்றித்தான் பேசினான்.

"ஞாயித்துக்கிழமை மறக்காம தொட்டியக் கழுவிரு. கல்லையெல்லாம் சோப்புத்தூள் போட்டுத் தேச்சுக் கழுவணும். கண்ணாடி பளபளன்னு இருக்கணும், என்ன?"

"சரிங்க."

"மீனு பசியோட இருக்கப்படாது."

வேறு ஏதாவது சொல்வான் என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வளைவில் பஸ்ஸின் மஞ்சள் விளக்கு தெரிந்தது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டான்.

இந்துமதிக்கு இரண்டாவது தடவையும் கர்ப்பம் தங்காமல் போன வருடம்தான் பாண்டியன் அந்தத் தொட்டியை வாங்கி வந்தான். கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். லைனில் வேறு யார் வீட்டிலும் மீன்தொட்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் மீன்களை ஒரு குண்டாவில் எடுத்து விட்டு, தொட்டித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கற்களைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்ப்பான். போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இத்தனை வருடத்தில் அந்தத் தொட்டி ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை. "பாண்டியனுக்குக் கைராசி" என்பார்கள். இந்துமதியை அவன் தொட்டியின் பக்கம் விட்டதே இல்லை. அவளுக்கும் அதில் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னது போலவே எல்லாம் செய்தாள். மழைக்காலத்துக் குழாய்த்தண்ணீர் கையில் பட்டதும் எலும்பு வரை குளிர்ந்தது. அதைப் பிடித்து ஊற்றி மீன்களை விட்டாள். மறுநாள் பறிப்பு முடிந்து வந்தபோது எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தீனி போட்டாள். அதற்கடுத்த நாள் காலையில் மூன்று மீன்கள் மல்லாந்து மிதந்தன. மிஞ்சியவை இரண்டு: வாலோரம் கிழிந்த ஆரஞ்சு நிறத்தது ஒன்று, கண் பிதுங்கிய கறுப்பு ஒன்று.

எட்டு வருடமாக அவன் காப்பாற்றியதை ஒரு வாரத்தில் கொன்றுவிட்டோமே என்று நினைத்தாள். பறிப்பு இல்லாத ஒரு நாளில், அதே மாதிரி மூன்று மீன் வாங்கிவிடலாம் என்று குன்னூருக்கு பஸ் ஏறினாள்.

மார்க்கெட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த மீன் கடையைச் சரிதா என்ற பெண் நடத்திக்கொண்டிருந்தாள். இந்துமதி எஸ்டேட் பெயரைச் சொன்னதுமே சரிதா சிரித்தாள்.

"பாண்டியண்ணன் ஊட்டுக்காரங்களா? மாசம் தவறாம வருவாருக்கா. ஒவ்வொரு தடவையும் நாலு மீனு, அஞ்சு மீனு வாங்கிட்டுப் போவாரு. இப்ப ஏனுங்க ஆளையே காணோம்?"

"மாசாமாசமா?"

"ஆமாங்க்கா. ஒரே மாதிரி நிறம் வேணும், ஒரே அளவு வேணும்னு தேடித் தேடி எடுப்பாரு."

முன்பு வீட்டுத் தொட்டியில் ஒரு மீனுக்கு நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்தது இந்துமதிக்கு ஞாபகம் வந்தது. ஒரு நாள் அது இல்லை. கேட்டதற்கு, "வளந்துருச்சுல்ல, மறைஞ்சு போச்சு" என்று சொன்னான். அவளும் நம்பினாள்.

"ஏம்மா, இந்த மீனெல்லாம் எத்தனை நாளைக்கு உசுரோட இருக்கும்?"

"கோல்டு பிஷ்ஷா? ஒழுங்காப் பாத்துக்கிட்டா பத்து வருசம்கூட இருக்கும்க்கா. நம்ம ஊரு குளிரு அதுக்குப் புடிக்கும். ஹீட்டர்கூட வேண்டியதில்ல."

"நீ அவருகிட்ட சொல்லலியா?"

"சொன்னேங்க. ஒரு தடவை சொன்னேன், 'எனக்குத் தெரியும்'னுட்டாரு. அப்புறம் நான் வாயத் தொறக்கல."

மீன்கள் செத்தது இந்துமதிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை வருடம் அவள் எழுந்திருக்கும் முன்பே அவன் தனியாக எழுந்து, செத்ததை எடுத்து எங்கோ போட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறான். ஒரு தடவைகூட அவளிடம் சொல்லவில்லை. அதுதான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

தொட்டியை எப்படிக் கழுவினாள் என்று கேட்ட சரிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கல்லு மேல வழவழன்னு இருக்குமே, அதை அழுக்குன்னு நினைச்சீங்களா? கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி அதுலதான் இருக்கு. மீனோட கழிவைத் தின்னு தண்ணியச் சுத்தமா வெக்கிறது அதுதான். நீங்க சோப்புப் போட்டு அதைக் கொன்னுட்டீங்க. ஊடு கூட்டற ஆளைத் தொரத்திட்டு ஊடு குப்பையாக் கெடக்குதுங்கற மாதிரி."

"அப்ப கழுவவே கூடாதா?"

"மொத்தத் தண்ணியையும் கொட்டாதீங்க. வாரம் ஒருவாட்டி கால்வாசி மட்டும் டியூப் வெச்சு அடியிலிருந்து இழுத்துருங்க, அழுக்கு அதோட வந்துரும். தண்ணி வடிகட்டற பஞ்சு அடைச்சுக்கிட்டா, இழுத்து எடுத்த அந்தத் தண்ணியிலேயே அலசிருங்க. புதுத் தண்ணிய முந்தின நாளே வாளியில புடிச்சு ஊட்டுக்குள்ளார வைங்க. ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு கைய வாளியிலயும் ஒரு கையத் தொட்டியிலயும் விட்டுப் பாருங்க. ரெண்டு கையிலயும் குளிரு ஒண்ணாத் தெரியணும்."

"தீனி?"

"ரெண்டு நிமிசத்துல தின்னு முடிக்கிற அளவுக்குத்தான். மிச்சம் கெடந்தா அது அழுகி விசமாயிரும்."

மூன்று மீன் வேண்டும் என்று இந்துமதி கேட்டபோது சரிதா மறுத்துவிட்டாள். "இப்ப விட்டா இதுவும் போயிரும். இருக்கற ரெண்டையும் முதல்ல தேத்துங்க." ஒரு ரப்பர் டியூபை மட்டும் சுருட்டிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து இந்துமதி அந்த இரண்டையும் தேற்றினாள். கண்ணாடியில் பாசி படிந்தது. முன்பக்கத்தை மட்டும் துணியால் துடைத்து மற்றதை விட்டாள். வெயில் படாமல் ஜன்னலோரத்திலிருந்து தொட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அங்கம்மாவைக் கூப்பிட்டு இருவரும் மூச்சுப் பிடித்துத் தூக்கி உள்சுவரோரம் வைத்தார்கள்.

அங்கம்மா அவளுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்துத் துணை. அங்கே இருமினால் இங்கே கேட்கும். இங்கே ரசம் தாளித்தால் அங்கிருந்து "இன்னைக்கு என்ன, ரசமா?" என்று குரல் வரும். ஐப்பசியில் ஒரு நாள் அங்கம்மாவும் குடும்பத்தோடு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். வரிசையில் ஏற்கெனவே பல கதவுகள் பூட்டிக் கிடந்தன. இப்போது சுவரில் காதை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை.

பாண்டியன் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டோர மூக்கம்மா கடைக்குப் போன் பண்ணுவான். "மீனெல்லாம் நல்லாருக்கா?" என்பான். "நல்லாருக்குங்க" என்பாள். "வெச்சிரட்டா?" என்பான். சில வாரங்களில் அந்தப் போனும் வராது. கடையில் நின்றுவிட்டு, மூக்கம்மா சங்கடப்பட்டுக் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவாள்.

வீட்டில் அவளைப் பார்த்து அசைவது அந்த மீன்கள் மட்டும்தான். கதவைத் திறந்ததும் கண்ணாடியோரம் ஓடி வரும். அடுப்படிக்குப் போனால் அந்தப் பக்கம் வரும். பாயை விரித்தால் இந்தப் பக்கம் வரும். அப்படி வருகிறவற்றை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. போகும்போது ஒரு சிட்டிகை, வரும்போது ஒரு சிட்டிகை என்று போட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கஞ்சி வடித்தது போல வெளுத்தது. ஒரு சாயங்காலம் கறுப்பு மீன் தலைகீழாகப் புரண்டு, நிமிரப் பார்ப்பதும் மறுபடி புரளுவதுமாகக் கிடந்தது.

மறுநாள் பறிப்புக்குப் போகாமல் சரிதாவிடம் ஓடினாள்.

"அளவுக்கு மீறித் தின்னுருச்சுக்கா" என்றாள் சரிதா. "ஏன் இவ்வளவு போட்டீங்க?"

சரிதா இந்துமதியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை.

"ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணுமே போடாதீங்க. கால்வாசித் தண்ணிய மாத்துங்க. அப்புறம் பச்சைப் பட்டாணி ஒண்ணை வேகவெச்சு, தோலை உரிச்சு, நசுக்கிக் குடுங்க. வயிறு இளகிரும். கிட்ட வந்தாலே சோறு போடணும்னு இல்லைங்க்கா. அதுங்க சும்மாவும் வரும்."

அந்த நாட்கள்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தன. மீன்கள் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்தன. அவள் தொட்டியருகே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். காய்கறிக்காரனிடம் ஒரு கைப்பிடி பட்டாணி வாங்கி, ஒன்றை மீன்களுக்கு எடுத்துவிட்டு மற்றதைத் தன் குழம்பில் போட்டாள். நசுக்கிய பட்டாணியைக் கறுப்பு மீன் முதலில் துப்பியது, பிறகு தின்றது. இரண்டு நாள் கழித்து அது நேராக நீந்தியபோது இந்துமதி வாய்விட்டு, "அங்கம்மா!" என்று கூப்பிட்டுவிட்டாள். பக்கத்து வீடு காலி என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பொங்கலுக்குப் பாண்டியன் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. நகக்கண்களில் நீலச்சாயம் ஏறியிருந்தது. கையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பை. அதற்குள் நாலு மீன் குஞ்சுகள்.

தொட்டியைப் பார்த்தவன் நின்றுவிட்டான். கறுப்பு மீன் அவன் உள்ளங்கை அகலம் வளர்ந்திருந்தது.

"இதை எப்ப வாங்குனே?"

"வாங்கலைங்க. நீங்க உட்டுட்டுப் போனதுதான்."

"சும்மா சொல்லாதே."

"ஆரஞ்சு வாலப் பாருங்க. அந்தக் கிழிசலு இருக்குதா?"

அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு பையின் முடிச்சை அவிழ்த்து, தொட்டிக்கு மேல் தூக்கினான். இந்துமதி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊத்தாதீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அப்படி அவள் சொன்னதில்லை. அவன் திகைத்துப் பார்த்தான்.

"புது மீனைத் தனியா வெச்சுப் பாக்கணும். நோயி இருந்தா இதுங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "சரிதா எல்லாம் சொல்லிருச்சுங்க. மாசாமாசம் நீங்க வாங்குனது" என்றாள்.

பாண்டியன் பையைப் பிடித்தபடியே பலகையில் உட்கார்ந்தான்.

"ரெண்டாந்தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்போ நீ சுவத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தே, இந்து. அதுக்குத்தான் தொட்டி வாங்குனேன். வாங்குன வாரமே ஒண்ணு செத்துப் போச்சு. அதை எப்படி உன்கிட்டக் காட்டறது? நம்ம ஊட்டுல எதுவும் தங்காதுன்னு நீ நினைச்சிருவியோன்னு பயந்தேன். அப்புறம் நிறுத்த முடியல."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானும் கூட இருந்திருப்பேன்ல?"

அவள் பையை வாங்கி மறுபடி முடிச்சுப் போட்டு, வீட்டுக்குள் நிறைத்து வைத்திருந்த வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். பையின் சூடும் வாளியின் குளிரும் ஒன்றாகட்டும் என்றாள். அவன் வாளியருகிலேயே இருந்து, திருப்பூரில் தான் ஒரு பாயை இன்னொருவனோடு பங்கு போட்டிருப்பதைச் சொன்னான். இவன் எழுந்து வேலைக்குப் போனால் அவன் வந்து படுப்பானாம்.

"பேச்சுத் துணைக்கு ஆளில்லையா?"

"ஆளு நெறைய இருக்கு. எப்பப் பாத்தாலும் யாராவது தூங்கிட்டே இருப்பானுங்க."

"நானும் வந்துரட்டுமா?"

"வந்து எங்க படுப்பே?"

அவள் பையை அவிழ்த்துச் சாய்த்து, குஞ்சுகளை வாளிக்குள் விட்டாள்.

மாட்டுப்பொங்கலன்று காலை வாளியில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. பாண்டியன்தான் முதலில் பார்த்தான். ஒரு நிமிடம் அப்படியே நின்றவன், அடுப்படிக்கு வந்து, "இந்து, ஒண்ணு போயிருச்சு" என்றான். இருவரும் வெளியே போனார்கள். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அவன் களைக்கொத்தால் மண்ணைக் கிளறினான். அவள் இலையில் வைத்திருந்ததைக் குழியில் இறக்கினாள். மண்ணைத் தள்ளிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. அவன் முதுகு குலுங்கியது. இந்துமதி அவனருகில் குந்தி உட்கார்ந்து முதுகில் கையை வைத்தாள். மீனுக்காக மட்டும் அவன் அழவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் அழுதாள். லைனில் பார்க்க யாரும் இல்லை.

மறுநாள் அவன் திரும்பிப் போனான். மற்ற மூன்று குஞ்சுகளையும் இந்துமதி மாசிவரை தனியே வைத்துப் பார்த்து, பிறகு பெரிய தொட்டியில் விட்டாள். அவற்றில் ஒன்று மட்டும் நிலைத்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கம்மா கடைக்குப் போன் வந்தது. பாண்டியன் குரலில் ஒரு அவசரம்.

"இந்து, பட்டறைக்கிட்ட ஒருத்தன் மீன் வித்தான். ஒண்ணு வாங்கிட்டேன். பெரிய பாட்டில்ல விட்டிருக்கேன்."

"பாட்டில் ஆகாதுங்க, மூச்சு முட்டிரும். அகலமா ஒரு டப் வாங்குங்க. தண்ணி ஏது?"

"லாரித் தண்ணி."

"அதுல மருந்து கலந்திருப்பாங்க. புடிச்சு ஒரு நாளு தொறந்து வெச்சு அப்புறம் ஊத்துங்க. கூட இருக்கறவங்க சோத்தைப் போட்டுரப் போறாங்க, சொல்லி வைங்க."

"சொல்லிட்டேன். எல்லாரும் முழிச்சிருந்து பாத்தானுங்க." அவன் சிரித்தது கேட்டது. காசு தீரும் ஒலி வந்தது. "இரு, இன்னொரு ரூவா போடறேன். நீ சாப்பிட்டியா?"

"இனிமேத்தான். பட்டாணிக் குழம்பு."

"குளிரு எப்படி?"

அவள் குளிரைச் சொன்னாள். பறிப்பு வாரத்துக்கு இரண்டு நாளாகிவிட்டதைச் சொன்னாள். அங்கம்மா வீட்டு ஓடு காற்றில் பெயர்ந்ததைச் சொன்னாள். அவன் இன்னொரு ரூபாய் போட்டான். பிறகு போன் தானாக அறுந்தது.

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தபோது மஞ்சு இறங்கி ரோட்டைப் பனிமூட்டமாக மூடியிருந்தது. "ஒரு டீ குடிச்சுட்டுப் போறது" என்றாள் மூக்கம்மா. வேண்டாமென்று சொல்லிவிட்டு இந்துமதி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பூட்டிய கதவுகளைத் தாண்டித் தன் வீட்டுக்கு நடந்தாள்.