கேட்கும் நாற்காலி

1

இந்தக் கதையை என் அக்கா தொலைபேசியில் சொன்னாள். அவளிடம் அனுமதி கேட்காமல் எழுதுகிறேன். அவள் ஒரு பள்ளியில் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குக் கணினியில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். நான் இயற்பியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன் (வேலை தேடுகிறேன் என்றும் சொல்லலாம்). எங்கள் இருவரில் பேசுகிறவள் அவள்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: கணினி அறையின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி, யாருக்காகவோ காத்துக்கொண்டு

நாற்காலி காத்திருக்காது. வேண்டாம்.

2

அக்காவின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நிரல் ஓடவில்லை என்றால் உடனே மிஸ்ஸைக் கூப்பிடக் கூடாது. கடைசி வரிசையில் இருக்கும் காலி நாற்காலியின் முன்னால் போய் நின்று, எழுதியதை அதற்கு வரிவரியாக விளக்க வேண்டும். பாதி சொல்வதற்குள் பிழை எங்கே என்று தெரிந்துவிடும்.

[இதில் மாயம் ஒன்றுமில்லை. எழுத நினைத்ததற்கும் எழுதியதற்கும் உள்ள இடைவெளி, வாய்விட்டுச் சொன்னால் காதில் விழுகிறது. நிரல் எழுதுகிறவர்கள் சிலர் இதற்காகவே மேசையில் ஒரு பொம்மை வைத்திருப்பார்கள்.]

"நாற்காலிக்குக் காது எங்க மிஸ் இருக்கு?" என்று ஒரு குறும்புக்காரப் பையன் கேட்டிருக்கிறான். "உனக்கு ரெண்டு இருந்து என்ன பிரயோஜனம்?" என்றாளாம் அக்கா. பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது.

வருடத்தின் நடுவில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அக்கா வேறு வேலையாக இருந்ததால், காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் அவளாகவே உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் ஒரு பையன் அவள் முன்னால் வந்து நின்று தன் நிரலை விளக்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், நாற்காலியின் முதுகைப் பார்த்துச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுப் போய்விட்டான். அடுத்து இன்னொருத்தி வந்தாள்.

அந்தப் பெண் அசையவில்லை. புதுப் பள்ளி, இங்கே இப்படித்தான் போல என்று நினைத்திருப்பாள்.

3

இந்தப் பெண்ணின் மேல் எனக்குச் சந்தேகம். எந்தக் குழந்தை இப்படி உட்கார்ந்திருக்கும்? 'நான் நாற்காலி இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? அக்காவிடம் கேட்க நினைத்தேன். அவள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன்.

அக்காவுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பிழைகள் முன்னைவிடச் சீக்கிரம் சரியாயின. அந்தப் பெண்ணுக்கென்று ஒரு கணினி ஒதுக்கும் வேலை தள்ளிக்கொண்டே போனது. பிள்ளைகள் நிரலைத் தாண்டி மற்றதையும் அவளிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்தவன் பென்சிலை எடுத்தது, அப்பா வீட்டுக்கு வராதது. சொல்லிவிட்டு முகம் தெளிந்து திரும்பினார்கள். அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாளில், நாற்காலி அதே இடத்தில் இருந்தும் யாரும் அதனிடம் போகவில்லை. ஏன் என்று அக்கா கேட்டதற்கு, "இன்னைக்கு நாற்காலி வரல மிஸ்" என்றார்கள்.

4

பிறகு அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கு வந்தாள். இந்தக் காட்சியை அக்கா சொன்னபடியே தருகிறேன்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போயிருந்தார்கள். அம்மா உட்காரவில்லை. வகுப்பில் மகள் பேசுகிறாளா என்று கேட்டாள். நல்ல அமைதியான பெண் என்றாள் அக்கா.

"அமைதியா? முன்னாடியெல்லாம் அவ வாய் ஓயாது மிஸ். தூக்கத்துல கூட பேசுவா. இப்போ ஒரு வார்த்தை இல்ல. டாக்டர்கிட்ட காட்டிட்டோம். தொண்டையில ஒண்ணும் இல்லங்கறார்."

அக்கா ஏதோ சமாதானம் சொன்னாள். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அவ முன்னாடி போய் நின்னா என்னையும் அறியாம பேச ஆரம்பிச்சிடறேன். அவங்கப்பாகிட்ட கூட சொல்லாததெல்லாம். சொல்லி முடிச்சா மனசு லேசாயிடுது. அப்புறம்தான் பயம் வருது. அவ கண்ணு கூட சிமிட்டாம உக்காந்திருக்கா."

அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. அப்போதுதான் அக்கா கவனித்தாள். அம்மா இவ்வளவு நேரமும் பேசியது அக்காவைப் பார்த்து அல்ல. அக்காவின் தோளுக்கு மேலாக, கடைசி வரிசையில் இருந்த மகளைப் பார்த்து.

இவ்வளவையும் என்னிடம் கொட்டிவிட்டு, "சரிடி, நாளைக்கு என்ன பண்ணணும்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்று அக்கா இணைப்பைத் துண்டித்தாள். என்ன புரிந்தது என்று சொல்லவில்லை. நான் ஒரு 'ம்' கூடக் கொட்டியிருக்கவில்லை.

5

ஆகவே முடிவை நான்தான் எழுத வேண்டும்.

முடிவு அ: அக்கா நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டாள். மறுநாள் அந்தப் பெண் அதே இடத்தில், அதே உயரத்தில், முழங்காலை மடித்து

வேண்டாம். பயமுறுத்துவதற்கென்றே எழுதியது.

முடிவு ஆ: அக்கா அவளுக்கு ஒரு கணினி கொடுத்து, ஒரு நிரலை எழுதி வகுப்புக்கு விளக்கச் சொன்னாள். அவள் வாயைத் திறந்தாள். முதல் நாள் வந்த பையனின் நிரல், அவன் சொன்ன அதே வேகத்தில், அதே பிழையோடு வெளியே வந்தது. பிறகு அடுத்தவளுடையது. பிறகு பென்சில். பிறகு, அம்மாவின் குரலில்

இதை முடித்திருப்பேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் உங்களுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்ததில் பிழை தென்பட்டுவிட்டது. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். குறும்புக்காரப் பையனுக்குப் பேச ஒரு வரி கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கும் அக்காவுக்கும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் கொடுக்கவில்லை. இந்தக் கதை முழுவதிலும் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. கடைசியில் நானும் மற்றவர்களின் பேச்சையே அவள் வாயில் திணித்திருக்கிறேன்.

முடிவு இ: மறுநாள் அக்கா பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்கிறாள். கடைசி வரிசைக்குப் போய், நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்கிறாள்.

"நாங்க எல்லாரும் உங்கிட்ட சொல்லிட்டோம். இப்போ நீ சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். கணினிகளின் முனகல் மட்டும் கேட்கிறது. அந்தப் பெண்ணின் உதடு அசைவது போலவும் இருக்கிறது, அசையாதது போலவும் இருக்கிறது.

அடுத்த வரி அவளுடையது. அவளுக்கென்று சொல்ல இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் எழுதினால் அது என் குரலாகிவிடும். இடம் விட்டிருக்கிறேன். அவள் பேசும்வரை நீங்கள் இருக்க வேண்டும்.

இருக்கும்போது, இடையில் ஒருமுறை, நீங்களும் வாய்விட்டு ஏதாவது சொல்லிப் பாருங்கள். குரல் வருகிறதா என்று மட்டும்.