மடைக்குப் பூட்டு

குளம் தளும்பி நின்றது. அதன் கீழே, மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல், கதிர் பொதிந்த பருவத்தில், வெடித்த மண்ணில் வாடி நின்றது. மடையில் பூட்டு தொங்கியது. இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர் என்பது வரப்பில் நின்ற வடிவாம்பாளுக்குத் தெரியும்.

பூட்டியவர் கருங்கல் ஊர் மீன் வியாபாரி ஜெப்சன். நீர் குறைந்தால் மீன் சாகும் என்றார். நெல் செத்தால்? அது அவர் கவலையன்று!

குளம் அரசின் சொத்து. மீனுக்குக் குத்தகை கேட்டால் மீன் பிடிக்கும் உரிமையைத் தருவார்கள். தாமரைக்குக் கேட்டால் பூப்பறிக்கும் உரிமையை. தண்ணீரை எவருக்கும் எழுதித் தருவதில்லை. பாசனத்தைத் தடுக்கலாகாது, குத்தகையைக் கைமாற்றலாகாது என்பவை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனைகள். அதில் ஊர்ப் பெயரால் கையெழுத்திட்டது கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டி. தலைவர், வடிவாம்பாளின் கணவர் குலசேகரன். மை காயும் முன்னே குளத்தை ஜெப்சனுக்கு மறுகுத்தகை விட்டார்கள். எதற்காக? கொடைக்குச் சீரியல் விளக்கும் செண்டைமேளமும் வேண்டுமாம்! வயல் வைத்திருந்தவர்களே அதற்குக் கைதட்டினார்கள். தங்கள் பயிரின் தாகத்தை விற்று மேளம் வாங்கிய ஊர், இப்போது குட்டு உடையுமென்று வாய்பொத்தி நின்றது.

குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன் என்று வடிவாம்பாள் சொன்னதும் குலசேகரன் வழிமறித்தார்.

"ஏட்டி, குத்தகை போனா போட்டு. எனக்க மானம் போவுமே. கொடை கழியட்டும், பொறுத்துக்கோ."

"நான் பொறுப்பேன். பயிரு பொறுக்குமா?"

நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறினாள். சேதி அவளுக்கு முன்பே போயிருந்தது. கமிட்டிக்காரர்கள் கூட்ட அரங்கின் பின்வரிசையில் வந்து அமர்ந்திருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அரசிடம் குத்தகை எடுத்துக் கைமாற்றியவர் யார் என்று அதிகாரி கேட்டார்.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். "கெட்டுனவன் பேர இதுவரை சொல்லாத பொம்பள. இப்ப எப்பிடிச் சொல்லுகான்னு பாப்போம்."

மணமான நாள்முதல் அந்தப் பெயர் அவள் நாவில் ஏறியதில்லை. அந்த வழக்கம் தங்களைக் காக்குமென்று நம்பித்தான் அவர்கள் சிரித்தார்கள். பெண்ணின் பணிவையும் தங்கள் திருட்டுக்குக் கதவாக்கிய கூட்டம்!

வடிவாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"குலசேகரன். எனக்க வீட்டுக்காரரு. கமிட்டித் தலைவரு."

மடையை அன்றே திறக்கவும், குத்தகையை நீக்க அறிவிப்பு அனுப்பவும் உத்தரவாயிற்று.

மாலையில் பூட்டை வெட்டினார்கள். புருஷன் பெயரைச் சந்தியில் விற்றவள் என்று அவளை ஏசிய வாய்கள் ஓயவில்லை. ஏசிக்கொண்டே மண்வெட்டி எடுத்து, தண்ணீரைத் தம்தம் வயலுக்குத் திருப்ப ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் ஓடினார் குலசேகரன்.