நோ ஒப்ஜெக்ஷன் சீல்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து எழும்பும் பதினேழு மாடிக் கட்டடத்தில், சீல் விழாமல் ஒரு சீமெந்து மூட்டையும் மேலே போகாது. கிரேன் எதைத் தூக்குவதென்றாலும் காலையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்: பொருள், எடை, இடம், ஆபத்து, பாதுகாப்பு. சைட் ஒபிசில் இருக்கும் ஜீவராணி வாசித்துச் சீல் அடிப்பாள்.

அன்று காலைப் படிவக் கட்டுக்குள் கிரேன்காரன் திலக்ஷன் ஒரு படிவத்தைக் கூடுதலாகச் செருகிவிட்டு மேலே ஏறிவிட்டான்.

பொருள்: திலக்ஷனும் அம்மாவும். எடை: இரண்டு பேரும் நூற்றிருபது கிலோ. இடம்: கொட்டாஞ்சேனை, ஜீவராணி வீடு. வேலை: ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டல். ஆபத்து: பெண்ணின் அண்ணன். பாதுகாப்பு: ஹெல்மெட்.

பத்து மணிக்குக் கட்டு திரும்பி வந்தது. கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் நாகேந்திரம் வோக்கியை எடுத்தார். அதில் பேசினால் சைட் முழுக்கக் கேட்கும்.

"தம்பி, உன்ர மற்றப் படிவத்துக்கும் சீல் விழுந்திருக்கு."

"என்னா சீல்ண்ணே?"

"நோ ஒப்ஜெக்ஷன்."

மேலே வெறும் கொக்கி இரண்டு சுற்றுச் சுற்றியது. கம்பி கட்டுகிறவர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

"ஆடாதை," என்றார் நாகேந்திரம். "சீல் மூண்டு இருக்கு. நோட்டட் எண்டா வாசிச்சிட்டன், அவ்வளவுதான். நோ ஒப்ஜெக்ஷன் எண்டா நீ செய்யிறதைச் செய், நான் மறிக்கமாட்டன். பிழைச்சா உன்ர தலை. அப்ரூவ்ட் எண்டாத்தான் அவளும் பொறுப்பு. போன மாதம் தண்ணித் தாங்கி சரிஞ்சதுக்கு ஆரைக் கூப்பிட்டு ஏசினவங்கள்?"

"நம்மளத்தான்."

"அதுக்கும் நோ ஒப்ஜெக்ஷன்தான் அடிச்சிருந்தது."

கொக்கி நின்றது.

"வேற ஒன்னும் எழுதலியாண்ணே?"

"எழுதியிருக்கு. ஆபத்துப் பகுதி முழுமையில்லை, திருத்தித் தரவும்."

கிரேன்காரன் காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவான். சோறு கயிற்றில் போகும். மற்றதற்குப் போத்தல் இருக்கிறது. அன்று பன்னிரண்டு மணிக்கே திலக்ஷன் இறங்கினான். இருநூற்றுச் சொச்சம் படி. நிற்காமல் இறங்கி, நாகேந்திரத்திடம் படிவத்தை வாங்கி, ஜீவராணியின் மேசையில் வைத்தான்.

"என்னா ஆபத்த விட்டேன்?"

"எங்கண்ணன் ஒரு ஆபத்தே இல்ல. ஹெல்மெட் வேணாம்." அவள் நிமிரவில்லை. "கட்டாருக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறத ஏன் எழுதல? வோக்கியில ஊருக்கே சொன்னீங்க. பொண்ணு கேட்டு வர்றத நான் ஏன் மறிக்கணும், வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. தாலியக் கட்டிட்டு நீங்க கட்டார்ல, நான் ஒங்கம்மாவோட தெமட்டகொடையில. இதுக்கு எப்புடி அப்ரூவ்ட் அடிக்கிறது?"

திலக்ஷன் பேனையை வாங்கி, 'போகமாட்டேன்' என்று எழுதினான். பொய் என்று அவனுக்கே தெரிந்தது. வெட்டினான். 'போனால் இரண்டு பேரும். ஒரு விசாதான் என்றால் போவதில்லை' என்று எழுதி நீட்டினான்.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். சீல் இருக்கும் மேசை லாச்சியைத் திறந்து, மூடினாள்.

"அப்ரூவ்ட் சீல் எஞ்சினியர்ட்ட பூட்டிக் கெடக்கு. கேட்டா எதுக்குன்னு கேப்பார்."

"அப்ப?"

அவள் பேனையைப் பிடுங்கி, அடியில் தன் முழுப் பெயரையும் எழுதித் திகதி போட்டாள்.

"ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு வாங்க. ஒங்கம்மாவுக்குச் சீனி போடலாமா?"

"கொஞ்சமா."

திரும்ப ஏறியது அவனுக்கு நினைவில்லை. ஆசனத்தில் உட்கார்ந்தபோது வோக்கி கரகரத்தது.

"என்ன சீல் தம்பி?"

"சீல் இல்லண்ணே. கையெழுத்து."

கம்பி கட்டுகிறவர்கள் குறட்டால் கம்பியில் தட்டத் தொடங்கினார்கள். இதுவரை எழும்பியிருந்த ஆறு மாடிக்கும் கேட்டது.

"சரி, அந்தக் கம்பிக் கட்டைத் தூக்கு," என்றார் நாகேந்திரம். "அதுக்குச் சீல் இருக்கு."