ஒட்டாத ஈயம்

கொரட்டூர் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் ரிமோட் படகு விடக் கூடுவார்கள். அவர்களில் ஒயர் வேலை தெரிந்தவன் என்று பேர் வாங்கியிருந்தவன் ஸ்ரீநாத். ஐ.டி. கம்பெனியில் வேலை, ஸ்டேஷன் பக்கம் ஃபிளாட். அந்தப் பேரை நம்பித்தான், அங்கே வரும் வித்யா தன் படகின் மோட்டாரை அவனிடம் கொடுத்தாள். வங்கியிலிருந்து வந்த பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, நான்கு மாதம் மரத்தகட்டை இழைத்து அவளே செய்த படகு. மோட்டாரின் மூன்று ஒயர்களிலும் இருந்த பழைய கனெக்டர்கள் புது கன்ட்ரோலருக்குப் பொருந்தவில்லை. வெட்டிவிட்டுப் புதியதை வைத்து ஈயம் பற்றவைக்க வேண்டும்.

"பத்து நிமிஷ வேலைங்க" என்றான் ஸ்ரீநாத்.

இரண்டு கனெக்டர் நன்றாகவே வந்தன. மூன்றாவதற்குள் ஆபீஸ் மீட்டிங் நேரமாகிவிட்டது. சூடு போதவில்லை. ஈயம் உருகி உள்ளே பரவாமல், மங்கலான உருண்டையாக நின்றது. ஒட்டவில்லை என்று அவனுக்குத் தெரியும். இழுத்தால் வந்துவிடும் என்றும் தெரியும், அதனால் இழுத்துப் பார்க்கவில்லை. மேலே கறுப்பு பிளாஸ்டிக் உறையை, அந்த ஸ்லீவை நகர்த்தி, லைட்டர் சூட்டில் சுருக்கி மூடினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஞாயிறன்று வித்யா இரண்டு சுற்று விட்டுவிட்டு, ரிமோட்டை கஜபதியிடம் நீட்டினாள். கஜபதி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர், நாற்பத்தைந்து வயது. சொந்தப் படகு கிடையாது. யாராவது கொடுத்தால் ஓட்டுவார்.

"ஆகாயத்தாமரை பக்கம் மட்டும் போகாதீங்க அண்ணா" என்றாள்.

படகு அங்கே போகவில்லை. நடுத்தண்ணீரில் ஒருமுறை வெட்டி இழுத்து, சட்டென்று நின்றது. காற்றுதான் அதை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய் ஆகாயத்தாமரைக்குள் செருகியது. கரையிலிருந்து பார்க்க, கஜபதியே அங்கே ஓட்டிப்போனது போலிருந்தது.

கஜபதி பேண்டை மடித்துக்கொண்டு அந்தச் சாக்கடைத் தண்ணீரில் இறங்கினார். படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தபோது வலது காலிலிருந்து ரத்தம் வழிந்தது. பாட்டில் கண்ணாடி.

"அவ்ளோ சொன்னேனே அண்ணா!" என்றாள் வித்யா. அடிபட்ட காலை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"தப்புதாம்மா. சாரிம்மா."

ஸ்ரீநாத் படகின் மூடியைத் திறந்தான். மூன்றாவது ஒயர் கனெக்டரை விட்டு முழுசாக உருவி வந்திருந்தது. யாரும் பார்க்குமுன் அதை உள்ளே தள்ளி மூடியை அழுத்தினான்.

"ஆகாயத்தாமரைத் தண்டு சுத்திருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றான். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

கஜபதியை ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் கூட்டிப்போனதும் அவன்தான். ஏழு தையல். "நீ இருந்தங்காட்டி பொயச்சேன் நைனா" என்று அவர் பின்னாலிருந்து தோளைத் தட்டினார். அந்தக் கை பட்ட இடம் எரிந்தது.

செவ்வாயன்று கஜபதி படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு விலகினார். புதன்கிழமை சாயங்காலம் ஸ்ரீநாத் அவர் வீட்டுக்குப் போனான். கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஒட்டாத ஈயத்தை, மூடிய ஸ்லீவை, உள்ளே தள்ளிய ஒயரை.

கஜபதி காலில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டார்.

"காலு ஆறிடும்பா. எல்லாரும் பாத்துகினு இருக்கசொல்ல அந்தப் பொண்ணாண்ட சாரி கேட்டேனே, அத்த இன்னா பண்ணுவே?"

 ஸ்ரீநாத் அங்கேயே நின்று வித்யாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். 

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "நேத்து ஸ்லீவை அறுத்துப் பாத்தேன். நீங்களா சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன். கஜபதி அண்ணாகிட்ட போனைக் குடுங்க."

போனைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றான். உள்ளே அவள் மன்னிப்புக் கேட்பதும், "பரவால்லம்மா, வுடு" என்று இவர் சொல்வதும் காதில் விழுந்தன.

அடுத்த ஞாயிறன்று ஏரிக்கரையில் எல்லோர் முன்னாலும் சொன்னான். சொல்லும்போது கண்கள் தரையை விட்டு எழவில்லை. யாரும் திட்டவில்லை. மூன்று கனெக்டரையும் வித்யாவே புதிதாகப் பற்றவைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் அவன் கண்ணெதிரே இழுத்துக் காட்டிவிட்டு, ரிமோட்டை கஜபதியிடம் கொடுத்தாள்.

படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. எல்லோரும் கரையோரமாக நகர்ந்தார்கள். ஸ்ரீநாத் எங்கே நிற்பதென்று தெரியாமல் பைகளுக்குப் பக்கத்தில் நின்றான்.

"இன்னாபா, அங்கியே நின்னுகினு கீறே?" என்று கஜபதி திரும்பாமலே கேட்டார். "இப்டிக்கா வா."

போனான். அவருக்கு ஒரு அடி பின்னால் நின்றுகொண்டான்.